பிடிவாதத்துக்கு வாங்கிய மதர்போர்டு

"இன்னைக்குச் சேட்டன் ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பிரிச்சுக் காட்டினாவ. உள்ளே முகம் பாக்குற கண்ணாடி மாதிரி மின்னுது ஏங்க" என்று என் மனைவி தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

நான் பிசைவதை நிறுத்தினேன். "எந்தச் சேட்டன்?"

"எங்க வகுப்புல கூடப் படிக்காவ. சர்க்கார் ஆபீஸ்ல வேலை. கோட்டைக்குள்ள வீடு. வகுப்புல அவங்கதான் வயசுல மூப்பு, அதனால எல்லாரும் சேட்டன்னுதான் விளிப்போம்."

மலையாளத்தில் சேட்டன் என்றால் அண்ணன், அதில் தப்பு ஒன்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் பஸ் கண்டக்டரும் சேட்டன்தான், மீன்காரரும் சேட்டன்தான். ஆனால் அதே ஊரில் கல்யாணமான பெண்கள் பாதிப்பேர் புருஷனையும் சேட்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மனைவிக்கு நான் 'ஏங்க'. நாகர்கோவில் பக்கத்துப் பெண் அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு வருடமாக அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. அன்று தோன்றியது. வேறொரு ஆளுக்குப் போன அந்தச் சொல் இரண்டு நாள் காதுக்குள்ளேயே கிடந்தது.

அவளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டதே நான்தான். சாலைத் தெருவில் ஒரு பாத்திரக்கடையில் எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. கரமனையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். குழந்தை அப்போது இல்லை. பி.காம். படித்தவள், பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாளே என்று, பழவங்காடியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். டைப்பிங், டேட்டா என்ட்ரி என்று எல்லாப் பெண்களும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. இவள்தான் ஹார்டுவேர் என்றாள். சரி, போய்ப் பார், ஒரு மாதத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும்.

அலுக்கவில்லை. சாயங்கால வகுப்பு முடிந்து வந்தால் அவள் கையில் லேசாகச் சூடான ஈயத்தின் வாசனை இருக்கும். முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும். சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் முன்பெல்லாம் வீட்டுக்காரம்மா, தண்ணீர் வராத குழாய், ஊரில் கொழுந்தியாளின் பிரசவம் என்று வரும். இப்போது ரேம், ஸ்லாட், சிப்செட் என்று வந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் சேட்டன் சொன்னாவ, சேட்டன் காட்டினாவ. எனக்கு ஒன்றும் புரியாது. 'ம்' கொட்டுவேன். கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் நான் 'ம்' கொட்டியது தெரிந்தால், பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு ரசம் ஊற்றுவாள்.

பிறகு தொலைபேசி. வாரத்தில் இரண்டு மூன்று தடவை அவர் கூப்பிடுவார். எடுத்தது நானாக இருந்தால், "சாரே, சௌக்கியம்தானே? அவா இருக்காளோ?" என்று மரியாதையாகத்தான் கேட்பார். கோட்டைத் தெருக்களின் அக்ரஹாரத் தமிழ். ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். அவர் குரல் கொஞ்சம் கனத்த குரல், வெளியே கேட்கும்.

"எடோ, இன்னிக்கு அந்த பவர் சப்ளை ஓடித்தோ?"

எடோ! மலையாளத்தில் அந்த விளியில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஒத்த வயதுக்காரர்கள், ஒரே வேலை பார்க்கிறவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போடக்கூடியவர்கள் கூப்பிட்டுக்கொள்வது. நான் அவளைப் 'பிள்ளே' என்று கூப்பிடுவேன். எங்கள் அப்பா அம்மாவைக் கூப்பிட்டதும் அப்படித்தான். எடோ என்று எனக்கு வாயில் வராது. வந்தாலும், எந்த விஷயத்தை வைத்து அவளை அப்படிக் கூப்பிட? எனக்கும் அவளுக்கும் பொதுவாக என்ன வேலை இருந்தது?

ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பழவங்காடிக்குப் போனேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு செருப்புக்கடை வாசலில், செருப்பு பார்ப்பதுபோல நின்றேன். வகுப்பு விட்டு ஆட்கள் இறங்கினார்கள். என் மனைவியும் அவரும் கடைசியாக வந்தார்கள். நான் மனதில் வைத்திருந்த ஆள் உயரமாக, மீசை வைத்து, பெல்ட் போட்ட ஆள். இறங்கி வந்தவர் ஒல்லியாக, நெற்றி ஏறி, இடுப்பில் நழுவுகிற பேன்ட்டோடு, கக்கத்தில் குடை வைத்திருந்தார். என்னைவிட ஒன்றும் மேல் இல்லை. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆள் அழகன் என்றால் அழகைச் சொல்லியாவது கோபப்படலாம். இதற்கு என்னவென்று கோபப்படுவது? அவர் குடையின் பிடியால் காற்றில் ஒரு சதுரம் போட்டு ஏதோ விளக்கினார். அவள் தலையை அசைத்து மறுத்து, தானும் விரலால் ஒரு சதுரம் போட்டாள். அவர் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

செருப்புக்காரர், "சாரே, எடுக்குதா இல்லையா?" என்றார். வேண்டாத ஒரு செருப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாதம்தான் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் கேட்டாள். கடையில் முழுசாக வாங்குவது வேண்டாம். பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டுவாளாம். அதற்கும் அவர்தான் யோசனை சொல்லியிருந்தார். மெமரி நல்லதாகக் கிடைக்கிற ஒரு கடை தெரியும் என்று, ஒருநாள் வகுப்பு முடிந்ததும் இருவருமாகப் போய் அதை வாங்கியும் வந்துவிட்டார்கள். ஒரே பட்டையில் இருநூற்றைம்பத்தாறு எம்.பி. வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உறையில் இருந்த அந்தப் பட்டையை அவள் பீரோவில், கல்யாணப் புடவைக்கும் என் அம்மா கொடுத்த புடவைக்கும் நடுவில் வைத்தாள். சட்டை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது.

"போர்டுக்கும் சேட்டன் ஒரு மாடல் சொல்லியிருக்காவ. அவங்க வீட்டுல இருக்கது அதுதான். இந்த மெமரிக்குச் சரியா இருக்குமாம்" என்றாள்.

"போர்டை நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்களா?"

அவள் அதைக் கேலியாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், எனக்குக் கடையில போய் ஒரு சாமான் வாங்கத் தெரியாதா? எத்தனை வருஷமா சாலைத் தெருவுல இருக்கேன்?"

தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது கடை. மலையாளி முதலாளி. நான் மதர்போர்டு என்றதும் இரண்டு அட்டைப்பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று அவளுடைய சேட்டன் சொன்ன அதே மாடல். பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்ததுமே, கோட்டைக்குள் இருக்கிற அந்த வீட்டில் இருப்பதைப் போன்ற ஒன்று என் வீட்டிலும் வந்து உட்காரப்போகிறது என்று தோன்றியது. அவள் அதில் விரலை வைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். மற்றப் பெட்டியைத் தொட்டு, "இது எப்படி?" என்றேன்.

"இது பழைய மாடலாக்கும் சாரே. பக்ஷே நல்ல ஸ்ட்ராங். இங்கே ஆபீஸ்களிலே முழுக்க இதுதான் ஓடுது. சாகாது கேட்டோ."

"மெமரி எவ்வளவு எடுக்கும்?"

"இருநூற்றைம்பத்தாறு வரை ஒரு ஸ்லாட்டிலே எடுக்கும். மெமரி சாரோட கையிலே உண்டோ? எந்த மாதிரி சிப்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "நல்ல சிப்தான்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு பில் போட்டார்.

வீட்டில் அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சேட்டன் சொன்னது இல்லியே."

"இதுவும் நல்ல போர்டுதான். ஆபீஸ் முழுக்க இதுதான் ஓடுதாம்."

பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் வாங்கி வந்த ஒன்றை அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் திருகாணிகளைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போர்டைக் கேபினெட்டில் பொருத்தி, விசிறியை மாட்டி, கடைசியில் பீரோவிலிருந்து மெமரியை எடுத்து வந்து இரண்டு பெருவிரலாலும் அழுத்தினாள். இரண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி டக்கென்று ஏறி நின்றது. சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓட ஆரம்பித்தன. போர்டு தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்குமாம். எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன.

"ஓடுது பிள்ளே!" என்றேன்.

"பாதிதான் காட்டுது."

"என்ன பாதி?"

"போட்டிருக்கது இருநூத்தம்பத்தாறு. நூத்திருபத்தெட்டுதான் எண்ணிருக்கு."

அணைத்தாள். மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, மறுபடி செருகினாள். பாதி. அடுத்த ஸ்லாட்டில் போட்டாள். பாதி. மூன்றாவதில் போட்டாள். அப்போதும் பாதி. போர்டின் செட்டிங்குகளுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சோறு வைக்க மறந்துவிட்டாள். நான் கேட்கவும் இல்லை. என் மனதுக்குள் அப்போது ஒரே ஒரு பிரார்த்தனைதான். இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது. ஒன்று அவர் பார்த்து வாங்கியது. மற்றது நான் பார்த்து வாங்கியது. பழவங்காடிப் பிள்ளையாரே, கெட்டது மெமரியாக இருக்கட்டும்.

"மெமரிதான் போயிருக்கும். கடைக்காரன் உங்க சேட்டனை நல்லா ஏமாத்தியிருக்கான்" என்றேன்.

அவள் தொலைபேசியை எடுத்தாள். "சேட்டா, பாதிதான் காட்டுது." அந்தப் பக்கம் கேள்விகள். "தேய்ச்சாச்சு. எல்லா ஸ்லாட்டும் பாத்தாச்சு." போர்டின் எண்ணையும் படித்தாள். பிறகு, "எடோ, அது நான் சொன்னது இல்லையே? யார் வாங்கினது?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேருமாப் பாத்து வாங்கினதாக்கும்" என்றாள்.

என்னை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னாள். ஆனால் அவரிடம் அவள் எனக்காகப் பொய் சொல்ல வேண்டிவந்ததே என்று அதற்கும் எனக்கு எரிந்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னார். மெமரியை அவர் போர்டில் போட்டுப் பார்த்தால், குறை எதில் என்று தெரிந்துவிடும். ஆட்டோவில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். கிள்ளிப்பாலம் தாண்டிக் கோட்டைக்குள் போகும்வரை அதன் தகரம் என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. அவள் மெமரி உறையை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள்.

ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்று. அவர் வேட்டியும் பனியனுமாக வாசலுக்கே வந்து, "வாங்கோ சாரே, பாரம் தூக்கிண்டு வந்துட்டேளே" என்று கேபினெட்டை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். நல்ல புடவை, பூ, நெற்றியில் அப்போதுதான் இட்ட பொட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அது கொஞ்சம் அதிகம். என்னிடம், "வாங்கோ" என்றார். அவர் கண் என் மனைவியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது.

ரேழியை அடுத்த அறையில் அவர் கம்ப்யூட்டர் ஏற்கெனவே திறந்து கிடந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அறை வாசலில் நின்றேன். அவர் தன் மெமரியைக் கழற்றினார். அவள் எங்களுடையதைச் செருகினாள். எண்கள் ஓடின. ஓடின. நூற்றிருபத்தெட்டைத் தாண்டி ஓடி, இருநூற்றைம்பத்தாறில் போய் நின்றன.

"மெமரில ஒரு குழப்பமும் இல்லை" என்றார் அவர்.

நான் வாங்கியதுதான் குறை. அவர் வாங்கியது அவர் வீட்டில் முழுசாக எண்ணுகிறது. என் வீட்டில் வந்தால் பாதியாகிவிடுகிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்க என்னால் முடியவில்லை. கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அறைக்குள் இரண்டு பேரின் முதுகும் தெரிந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்காத்துலயும் இப்படித்தானா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எப்படி?"

"எப்பவும் மெமரி, போர்டு. சாப்பிடறச்சே அது, படுக்கறச்சே அது. வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா, பயங்கர புத்தி, நான் ரெண்டு நாள் யோசிக்கறதை அவ ரெண்டு நிமிஷத்துல பறஞ்சுடுவான்னு ஒரே கதை." காப்பி டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தார். "எனக்குக் கேட்டுக் கேட்டுப் போறும்னு ஆயிடுத்து."

எங்கள் வீட்டில் சேட்டனைப் பற்றி இத்தனை நாள் நான் கேட்டது ஒரு பக்கம்தான். இந்த வீட்டில் என் மனைவியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஓடுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயங்கர புத்தி. அப்படி ஒரு வார்த்தை நான் அவளைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

"நானும் கேக்கேன், சேட்டன் சொன்னாவ, சேட்டன் சொன்னாவன்னு" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "ஒண்ணு சொல்றேன், சிரிக்கப்படாது. பூ வாங்கற மாதிரி ஒரு நாள் பழவங்காடில போய் நின்னேன். ஆள் எப்படின்னு பாக்கத்தான்."

"எங்க நின்னீங்க?"

"கோயில் பக்கத்துப் பூக்கடைல."

"நான் எதிர்ல செருப்புக்கடையில நின்னேன்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டும் அடங்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது. காப்பி சட்டையில் கொட்டும் அளவுக்குச் சிரித்தேன். வாங்கிய செருப்பு எனக்குச் சேரவில்லை என்று நான் சொன்னபோது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அறைக்குள்ளிருந்து இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"என்னாக்கும் அங்க?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லை, உங்க வேலையைப் பாருங்கோ" என்றார் மனைவி.

என் மனைவியின் தலை மறுபடி கேபினெட் பக்கம் திரும்ப ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தது.

பிறகு நான் எழுந்து அறை வாசலில் போய் நின்றேன். அவர், "எடோ, போர்டை மாத்தறதைத் தவிர வேற வழியில்லை. நாளைக்குக் கடையில திருப்பிக் கேட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சேட்டா" என்றாள் அவள்.

அவர் மெஷினிலிருந்து கழற்றி ஓரமாக வைத்திருந்த மெமரியைக் கையில் எடுத்தாள். ஒரே பட்டை இல்லை. நூற்றிருபத்தெட்டாக இரண்டு பட்டைகள். ஒன்றைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். "பாத்தியளா, இதுல ரெண்டு பக்கமும் சில்லு இருக்கு. சின்னச் சின்னச் சில்லு. எங்க பட்டையில ஒரு பக்கம்தான். எட்டே எட்டு, எல்லாம் பெரிய சில்லு. எங்க போர்டு வந்த காலத்துல இவ்வளவு பெரிய சில்லு கிடையாது. அதனாலதான் ஒவ்வொண்ணையும் பாதிவரை எண்ணிட்டு நிறுத்திருது. புத்தகத்துலயும் எந்தச் சில்லு ஆகும்னு ஒரு வரி போட்டிருந்தான், எனக்கு இப்பதான் விளங்குது. உங்க ரெண்டு பட்டையையும் எங்க போர்டுல போட்டா முழுசும் எண்ணணும்."

அவர் பட்டையை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தார். "போட்டுப் பாரு" என்றார்.

எங்கள் கேபினெட்டில் இரண்டு பட்டைகளையும் அடுத்தடுத்துச் செருகினாள். எண்கள் ஓடின. இருநூற்றைம்பத்தாறு.

"எடோ!" என்று அவர் தொடையில் தட்டினார். "மாத்திண்டாப் போச்சு. உங்க பட்டை எனக்கு, என் பட்டை ரெண்டும் உங்களுக்கு. எனக்கு ஒரு ஸ்லாட் காலியாறது, லாபம் எனக்குத்தான்."

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தூசி. எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் ஒன்றுமே இல்லை. அவர் அந்த அறையில் இருப்பதே மறந்துபோயிற்று. ஒரு ஆளை 'நில்லுங்க' என்று நிறுத்திவைத்துத் தான் நினைத்ததைச் சொல்லி, அது சரியாகவும் இருந்து, அதை ஒருவர் தொடையில் தட்டி ஒப்புக்கொள்வது என்ற ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குச் சாலைத் தெருவில் அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கிடைக்காதது அது. என் கூட்டல் சரியாக இருந்தால் முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பாக இருந்தால்தான் கூப்பிடுவார். அன்று எனக்கு வயிற்றில் எரிந்தது அவளைப் பார்த்துத்தான்.

திரும்பி வரும் ஆட்டோவில் அவள் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கிள்ளிப்பாலத்தில் வண்டி நின்றபோது, "அந்த அக்காகூட என்ன அப்படிச் சிரிப்பு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா."

"சும்மா யாரும் அப்படிச் சிரிக்க மாட்டாவ. காப்பியெல்லாம் சட்டையில கொட்டிருக்கு."

"ஏதோ ஊர்க்கதை பிள்ளே."

"முதல் நாள் பாத்தவங்ககிட்ட என்ன ஊர்க்கதை?"

மடியில் இருந்த கேபினெட் முட்டியில் இடிப்பதுகூட எனக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவள் எல்லாவற்றையும் பூட்டி, திரையில் முழு எண்ணும் வந்த பிறகும், "நல்லா பாட்டுப் பாடுவாவளாமே அந்த அக்கா? உங்ககிட்ட சொன்னாவளா?" என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அன்று சாயங்காலம் அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. எதற்காகச் சிரித்தோம் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. கொஞ்ச நாளைக்கு எனக்கென்று கைவசம் இருந்த ஒரே சொத்து அதுதான். அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

அவருக்கு அடுத்த வருடம் வடக்கே மாற்றல் வந்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள். அவள் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் வாங்கிய அந்த போர்டு, கடைக்காரர் சொன்னபடியே சாகாமல் எங்கள் வீட்டில் பல வருடம் ஓடியது. மகள் பிறந்து, அவள் அதில் படம் வரைந்து விளையாடுகிற வரைக்கும் ஓடியது.

இதற்கிடையில் எங்கள் பாத்திரக்கடையிலும் முதலாளி பில் போடக் கம்ப்யூட்டர் வைத்தார். யாரோ வந்து மெமரி கூட்டுகிறேன் என்று எதையோ செருகிவிட்டுப் போனதிலிருந்து, பில் போடும்போதே அது உறைந்து நின்றுவிடும். ஓணத்துக்கு முந்தின கூட்டம், வாசலில் ஆள் நிற்கிறது. முதலாளி என்னிடம், "உங்க வீட்டுல இதெல்லாம் பாப்பாங்களாமே, வரச் சொல்லும்" என்றார்.

என் மனைவி வந்தாள். முதலாளி எழுந்து நின்று தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். "மேடத்துக்கு டீ கொண்டுவாங்கடே" என்றார். கண்ணாடிக் கிளாஸில், சாஸரோடு வந்தது. அந்த மேஜையில் எனக்கு டீ வந்ததே கிடையாது; நான் வெளியே போய்த்தான் குடிப்பேன். அவள் மூடியைத் திறந்து பார்த்து, இரண்டு பட்டைகளில் ஒன்றைக் கழற்றினாள். மெஷின் ஒழுங்காக ஓடியது.

"இதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று முதலாளி கேட்டார்.

பழைய பட்டைக்கும் புதிய பட்டைக்கும் வேகம் வேறு, இரண்டும் அந்த போர்டில் சேர்ந்து ஓடாது என்று அவள் விளக்கினாள். கடைப்பையன்கள்கூட எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அண்டா அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் அவள் பக்கத்தில் திருகாணிக் கிண்ணத்தோடு உட்கார்ந்ததில், அந்தப் பதில் எனக்கும் தெரிந்திருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை.